ஸ்பாஞ்சு ரோலரால் மோட்டார் வண்டிக்கு வர்ணம் தீட்டுதல்

திருநெல்வேலியினின்று சங்கரன்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் உளது. வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். பெயரே ஊரின் இயல்பைக் கூறிவிடுகின்றது. சுற்றிலும் கரிசல் நிலம், ஆங்காங்கே பனைகள், அவற்றினும் உயர்ந்து நின்று சுழலும் காற்றாலைகள். 2019-ஆம் ஆண்டில் புதிதாய் அமைக்கப்பெற்ற தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். இவ்வூரில், எங்கள் இல்லத்து வேப்பமர நிழலில், ஒரு பழைய மாருதி 800 வண்டிக்கு யாமே வர்ணம் தீட்டிய வரலாற்றையும், அதனின்று யாம் கற்ற முறைகளையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். கைத்தொழிலைப் பற்றிய கட்டுரை கல்லூரிச் சஞ்சிகைக்குத் தகுமோவென்று ஐயுறுவார் உளராயின், அன்னோர் இறுதிவரை படித்த பின்னர்த் தீர்ப்புக் கூறுவாராக.

அவ்வண்டி எம் தந்தையார் பிறரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அன்னையாரைத் திங்கள்தோறும் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவ்வண்டியே. எஞ்சின் குற்றமற்றிருந்தது, ஆனால் கூரையின் வர்ணம் வெளிறிச் செதில் செதிலாய் உதிர்ந்தது, கதவுகளின் அடிப்புறத்தில் துரு அரித்தது. நம் நாட்டுச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குரிய வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்நாள் அணுகிக்கொண்டிருந்தது. பட்டறையில் வினவியபோது, வர்ணத்துக்கு அவர்கள் கூறிய கூலி, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகைக்கு ஏறக்குறைய ஒப்பாயிருந்தது. விற்பதா, துருவுக்கு ஒப்புவிப்பதா, அன்றித் தாமே கையிடுவதா என்னும் வினா எம்முன் நின்றது. மூன்றாவதைத் தேர்ந்துகொண்டோம்.

பண்டை முறை

வர்ணத் துப்பாக்கியின்றி மோட்டார் வண்டிக்கு வர்ணமிட இயலாதென்பது பலருடைய எண்ணம். அது பிழை. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் துப்பாக்கி வழக்கிலில்லை. குதிரைக் கோச்சுகளுக்கு வர்ணமிட்ட தொழிலாளரே மோட்டார் வண்டிகளுக்கும் தூரிகையால் வர்ணமும் வார்னிஷும் பூசினர். ஒரு பூச்சு உலர்ந்தபின் தேய்த்து, அடுத்த பூச்சிட்டு, மீண்டும் தேய்த்து, இவ்வாறு ஒரு வண்டியை முடிக்கப் பல வாரங்கள் சென்றன. நம் சென்னையில் 1840-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியாரும் முதலில் கோச்சு வண்டி கட்டுவோராயிருந்து, பின்னரே மோட்டார்த் தொழிலிற் புகுந்தனர்.

இத்தாமதத்தை ஒழித்தவை இரண்டு. அமெரிக்க மருத்துவர் ஆலன் டிவில்பிஸ் தொண்டைக்கு மருந்து தெளிக்கும் சிறு கருவியொன்றை ஆக்கியிருந்தார். அவர் மைந்தர் தாமஸ் அதே தத்துவத்தைக் கொண்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ணம் தெளிக்கும் துப்பாக்கியைச் செய்தார். அடுத்து, டூபாண்ட் கம்பெனியார் 1923-ஆம் ஆண்டில் டூக்கோ என்னும் விரைந்துலரும் வர்ணத்தை வெளியிட்டனர். 1924-ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் வண்டிகள் அதைப் பூண்டு வந்தன. வாரங்கள் மணிகளாயின. ஆகவே தொழிற்சாலைகள் தூரிகையைக் கைவிட்டதற்குக் காரணம் அதன் குறையன்று; காலத்தின் அருமையே. ஓய்வு நாட்களைத் தன்வசமுடைய இல்லறத்தானுக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை.

நம் நாட்டிலும் அப்பழைய முறை முற்றும் மறைந்திலது. நாமக்கல் முதலிய ஊர்களில் லாரிகளுக்குக் கூடு கட்டுவோர், பலகைகளுக்கு எனாமல் பூசிப் பூவும் மயிலும் எழுத்தும் தீட்டுவது இன்றும் தூரிகையாலன்றோ? மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு வர்ணமிட்ட கைகளே அக்கலையை லாரிக்கும் கொணர்ந்தன.

ரோலரோ பின் வந்தது. சுவருக்கு வர்ணமிடும் ரோலரை 1940-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரினரான நார்மன் பிரேக்கி என்பவர் ஆக்கினார் என்பர். நுரைப்பஞ்சாலாகிய ரோலர் அதற்கும் பிற்பட்டது. அதற்கு மூலமான பாலியூரித்தேன் என்னும் பொருளை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பாயர் 1937-இல் கண்டறிந்தார். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வட அமெரிக்காவிலுள்ள சிலர், துருத் தடுப்பு எனாமலை நீர்க்கக் கலக்கி, நுண்ணிய ஸ்பாஞ்சு ரோலரால் பழைய வோக்ஸ்வாகன் முதலிய வண்டிகளுக்குத் தாமே பூசி, அம்முறையைப் பரப்பினர். அவருட் பலர் கையாண்டது ரஸ்ட்-ஓலியம் என்னும் எனாமலாகும். 1921-இல் அக்கம்பெனியை நிறுவிய ராபர்ட் பெர்கூசன் ஒரு கப்பற்றலைவர். தம் கப்பலின் துருவேறிய தளத்திற் சிந்திய மீனெண்ணெய் துருவைப் பரவவொட்டாமல் தடுத்ததைக் கண்டதே அவர் தொழிலுக்கு வித்தாயிற்று. நம் கடற்கரை மீனவரும் மரக்கலங்களுக்கு மீனெண்ணெய் பூசுதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனாமல் உலரும் விதம்

செய்முறையை அறியுமுன் பொருளின் தன்மையை அறிதல் நலம். இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினாலன்றித் துருவில்லை. வர்ணம் என்பது அழகுக்கு மட்டுமன்று. இரும்பையும் ஏனைய இரண்டையும் பிரித்து நிற்கும் வேலி அது. தொழிற்சாலையில் இடப்படும் பூச்சுகள் யாவும் சேர்ந்து சுமார் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கே. அவ்வேலியில் ஓர் ஊசிமுனைத் துளை நேரினும் துரு உள்ளே புகுந்து, வர்ணத்தின் அடியிலேயே பரவும்.

கடைகளில் ஸிந்தெட்டிக் எனாமல் என விற்கப்படுவது ஆல்கைடு என்னும் பிசினாலாகியது. ஆளி விதை போன்றவற்றின் உலரும் எண்ணெயை வேறு பொருள்களோடு இணைத்து இப்பிசினை ஆக்குவர். இது இருபடியாய் உலர்கின்றது. முதலில் அதிலுள்ள டர்பண்டைன் ஆவியாய்ப் போகும். அப்பொழுது கைக்கு ஒட்டாத நிலை உண்டாம். பின்னர்க் காற்றிலுள்ள பிராணவாயுவை எண்ணெய் உட்கொண்டு மெல்ல இறுகும். முன்னது சில மணி நேரம். பின்னது பல வாரம். இவ்வியல்பே ரோலர் வேலையை இயலச்செய்கின்றது. பட்டறையார் தெளிக்கும் விரைந்துலரும் வர்ணத்தை ரோலரால் உருட்டினால், உருட்டிய தடம் மறையுமுன் அது இறுகிவிடும். எனாமலோ சிறிது நேரம் நீர்மையாய் நின்று, தானே பரந்து சமமாகும்.

காலமும் இடமும்

எம் முதல் முயற்சி தோல்வியாய் முடிந்தது. ஆடி மாதத்தில் வேலையைத் தொடங்கினோம். செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று அம்மாதத்தில் எங்கள் ஊரை அலைக்கழிப்பது யாவரும் அறிந்ததே. காற்றாலைகள் ஈண்டு நிறுவப்பெற்றதற்கும் அதுவே காரணம். அறிந்திருந்தும் அவசரம் கண்ணை மறைத்தது. கூரைக்குப் பூசிய ஒரு நாழிகைக்குள் கரிசற் புழுதியும் சருகும் அதில் ஒட்டின. மறுநாட் காலையிற் பார்த்தால் அது வர்ணமிட்ட கூரையாகத் தோன்றவில்லை, உப்புத்தாளாகவே தோன்றிற்று. ஒரு வாரம் காத்திருந்து அனைத்தையும் தேய்த்தெடுக்க நேர்ந்தது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழைக்குரியன. ஈரக் காற்றில் எனாமல் பொலிவிழந்து மங்கும். சித்திரை வெயிலிலோ தகடு சுடுவதால், வர்ணம் பரந்து சமமாகுமுன்னே இறுகும். தை, மாசி மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. பனி நீங்கித் தகடு நன்கு உலர்ந்த காலை நேரத்தில், காற்று எழுவதற்குமுன் பூசிவிடல் வேண்டும். மாலையிற் பூசினால் விளக்கை நாடிவரும் பூச்சிகள் அதில் விழும். கூரையுடைய கொட்டகை உத்தமம். எனினும் இருபுறமாவது காற்று உலவ வழியிருத்தல் இன்றியமையாதது. தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்குக. வண்டியின்மேல் நீர் படலாகாது.

முன்வேலை

வர்ண வேலையில் முக்காற்பங்கு வர்ணம் தொடுவதற்கு முன்னரே முடிந்துவிடும். எம் ஊரில் லாரிகளுக்கு வர்ணமிடும் முதிய மேஸ்திரி ஒருவர் எமக்குக் கூறிய முதற் சொல் இது: “தம்பி, கண்ணை நம்பாதீங்க, கையை நம்புங்க.” கண்ணை மூடி உள்ளங்கையாற் தகட்டைத் தடவினால், கண்ணுக்குப் புலப்படாத மேடும் பள்ளமும் புலப்படும்.

முதலில் வண்டியைச் சவுக்காரத் தூளால் நன்கு கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீங்க டர்பண்டைன் நனைத்த துணியால் துடைத்திடல் வேண்டும். பசை நில்லாவிடத்து வர்ணம் நிற்கும். பசை நின்றவிடத்து வர்ணம் நில்லாது. பம்பர், விளக்குகள், கைப்பிடிகள், ரப்பர்ப் பீடிங் ஆகியவற்றைக் கழற்ற இயலுமாயின் கழற்றுக. இயலாதவற்றையும் கண்ணாடிகளையும் பழைய செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் கொண்டு மூடுக.

அடுத்தது துரு. கம்பித் தூரிகையாலும் முரட்டு உப்புத்தாளாலும் பளபளப்பான இரும்பு தோன்றும்வரை தேய்த்தல் வேண்டும். துருவின்மேல் வர்ணமிடுதல், புரையோடிய புண்ணின்மேல் பட்டுத் துணி சுற்றுதலை ஒக்கும். தகடு ஓட்டையாகியிருப்பின் அஃது டிங்கர் வேலை. வெல்டிங் செய்வோரிடம் கொடுப்பதே முறை. வெற்றிரும்பு தெரிந்தவிடமெல்லாம் அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் பூசுக. ஒரிரவு விட்டாலும் புதுத்துரு அரும்பும். பள்ளங்களுக்குப் பட்டி இட்டு, உலர்ந்தபின் சமனாகத் தேய்த்து, அதன்மேலும் பிரைமர் இடுக. உறுதியாய் நிற்கும் பழைய வர்ணத்தை முற்றும் நீக்க வேண்டுவதில்லை. 400 எண் தண்ணீர் உப்புத்தாளால் அதன் பளபளப்பு போகுமளவு தேய்த்தாற் போதும். புதுப்பூச்சு பற்றிக்கொள்வதற்கு அந்நுண்ணிய கீறல்களே பிடிப்பாகும்.

உருட்டும் முறை

ரோலர் 4 அங்குல நீளமுள்ளதாய், மிக நுண்ணிய துளைகளுடைய ஸ்பாஞ்சாலாகியதாய் இருத்தல் வேண்டும். சுவருக்குரிய மயிர்ச் செறிவுள்ள ரோலர் இதற்கு ஆகாது. சில ஸ்பாஞ்சுகள் டர்பண்டைனிற் கரைந்துபோம்; ஆதலின் வாங்கியதை ஓரிரவு அதில் ஊறவைத்துச் சோதித்துப் பார்த்தபின் மற்றவற்றை வாங்குக. எங்கள் வண்டியின் நீளம் சுமார் 3.3 மீட்டர், வர்ணமிடவேண்டிய புறப்பரப்புப் பத்துச் சதுர மீட்டர் அளவு. ஆறு மெல்லிய பூச்சுகளுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் எனாமல் போதியதாகும். ஒரே நிறமாயினும் டப்பாவுக்கு டப்பா சிறிது வேறுபடுதல் உண்டு. ஆகவே அனைத்தையும் ஒரு பெரும் பாத்திரத்திற் கலந்து வைத்துக்கொள்ளல் நலம்.

நான்கு பங்கு எனாமலுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை மினரல் டர்பண்டைன் சேர்த்து, காய்ச்சிய பாலின் பதத்துக்குக் கொணர்ந்து, நைலான் துணியால் வடிகட்டுக. மிகக் கெட்டியாயின் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற புள்ளிகள் நிற்கும். மிக நீர்த்தால் செங்குத்தான இடங்களில் வழிந்தோடும். கதவின் உட்புறத்தில் ஒரு சாண் இடத்திற் பூசிப் பார்த்துப் பதத்தைத் திருத்திக்கொள்க.

ரோலரைத் தட்டிலுள்ள வர்ணத்தில் தோய்த்து, மிகுதியைத் தட்டின் மேட்டில் உருட்டி வடித்துவிடுக. கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருக. ஒருமுறைக்கு ஒன்றரை முழச் சதுரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளற்க. முதலில் மேலும் கீழுமாகவும், பின் பக்கவாட்டிலும் உருட்டி வர்ணத்தைப் பரப்புக. இறுதியில் ரோலரின் எடையன்றி வேறு எடை படாதவாறு ஒரே திசையில் மெல்ல உருட்டி விடுக. அப்போது எழுந்த குமிழிகள் உடைந்துபோம். அடுத்த சதுரத்தை முந்தியதன் ஈரவிளிம்பு உலருமுன்னரே சேர்த்திடல் வேண்டும். உலர்ந்தபின் சேர்த்தால் இணைப்புத் தழும்பு நிற்கும். ஆதலின் கூரை, பானெட்டு, ஒவ்வொரு கதவு என வண்டியின் இயற்கையான பிரிவுகளில் மட்டுமே நிறுத்துக. பூசிவிட்ட இடத்தில் ஒரு குறை கண்டு மீண்டும் கைவைப்பதே கற்போர் யாவரும் செய்யும் பிழை. அக்குறை பெரும்பாலும் தானே சமனாகும். ஆகாவிடில் அடுத்த தேய்ப்பில் தீரும்.

முதற் பூச்சைக் கண்டு மனந்தளரல் கூடாது. அது மிக மெல்லியதாதலின் பழைய நிறமும் பிரைமரின் செம்மையும் ஊடே தோன்றி, வண்டி தேமல் படர்ந்ததுபோலக் காணும். எம் அன்னையார் அதைக் கண்டு வாளாவிருந்தனர், அம்மௌனமே பெருந்தண்டனையாயிருந்தது. மூன்றாம் பூச்சிலேதான் நிறம் முழுமை பெறும். ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே ஒரு முழு நாளேனும் விடுக. உள்ளே இறுகாத பூச்சின்மேல் மற்றொன்றை இட்டால், அது பாலாடைபோற் சுருங்கும்.

தேய்த்தலும் மெருகும்

இரண்டு பூச்சுகளுக்கு ஒருமுறை 600 அல்லது 800 எண் தண்ணீர் உப்புத்தாளை நீரில் நனைத்து, தட்டையான ரப்பர்க் கட்டையிற் சுற்றி, இலேசாகத் தேய்த்துக் கழுவி முற்றும் உலரவிடுக. இத்தேய்ப்பே ரோலரின் தடங்களையும் ஒட்டிய தூசியையும் நீக்குவது. விளிம்புகளிலும் மூலைகளிலும் அழுத்தலாகாது. அங்கே வர்ணம் மெல்லியதாதலின் இரும்பு விரைவில் வெளிப்படும். கடைசிப் பூச்சுக்குப்பின் ஒரு மாதமேனும் பொறுத்திருந்து, 1500, 2000 எண் தாள்களால் முறையே தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு இட்டு மென்துணியால் மெருகேற்றுக. மாஸ்கிங் டேப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் வர்ணம் முழுதும் இறுகுமுன் மெல்ல உரித்தல் வேண்டும். இறுகியபின் உரித்தால் வர்ணமும் உடன் வரும்.

எச்சரிக்கைகள்

முதலாவது, தீ. எனாமலும் டர்பண்டைனும் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியற்க. எண்ணெய் பிராணவாயுவை உட்கொள்ளும்போது வெப்பம் பிறக்கும்; குவியலுள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். ஈரமாய் அடுக்கிய வைக்கோற்போர் உள்ளே வெந்து எரிவதை நம் உழவர் அறிவர். அஃது போல்வதே இதுவும். துணிகளைத் தனித்தனியே வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்தி வைக்குக. அடுப்பும் பீடியும் அருகில் வரலாகாது.

இரண்டாவது, ஈயம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீடுகளுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று நம் அரசாங்கம் 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்திற்று. அதற்கு முற்பட்டதை உலர்வாய்த் தேய்த்துத் தூளை மூச்சிழுத்தல் தீங்கு. நீரிட்டுத் தேய்த்து, முகமூடி அணிந்து, குழந்தைகளை அகற்றி வைக்க வேண்டும்.

மூன்றாவது, கடினமாக்கும் இரண்டாம் திரவத்தைக் கலந்து பூசும் பட்டறை வர்ணங்கள். அவற்றுள் ஐஸோஸயனேட் என்னும் பொருள் உளது. அது நுரையீரலைத் தாக்கித் தீராத இளைப்பு நோயை உண்டாக்கவல்லது. தக்க சுவாசக் கருவியில்லாதார் அவற்றைத் தொடலாகாது.

நான்காவது, சட்டம். வண்டியின் நிறம் பதிவுச் சான்றில் எழுதப்பட்டுளது. அதே நிறத்தை மீண்டும் பூசுவோர்க்கு இடையூறில்லை. நிறம் மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்துச் சான்றைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தை ஏனையோர் பூசுதல் கூடாது.

பயனும் குறையும்

இம்முறையை மிகைபடப் புகழ்தல் நேர்மையாகாது. மின்னும் உலோகத் துகள் கலந்த நிறங்களை ரோலரால் இட இயலாது. துகள்கள் திட்டுத் திட்டாய் ஒதுங்கும். ஸிந்தெட்டிக் எனாமல், பட்டறை வர்ணத்தைப்போல் வெயிலைத் தாங்காது. சில ஆண்டுகளிற் பொலிவு குன்றும். அவ்வப்போது மெருகிடல் வேண்டும். பின்னொரு நாள் பட்டறையிற் கொடுப்போர், அடியில் எனாமல் உளதென்று முன்னரே சொல்லிவிடுக. வீரியமுள்ள தின்னர் கலந்த வர்ணத்தை அதன்மேல் தெளித்தால் எனாமல் சுருங்கி எழும்பும். புதிய வண்டிக்கும், உயர்ந்த விலைக்கு விற்கக் கருதும் வண்டிக்கும் இது தகாது. உழைத்துப் பழுத்த வண்டியை இன்னுஞ் சில ஆண்டு காக்க விரும்புவோர்க்கே இது தகும்.

எங்கள் வண்டி தை மாதத்தில் ஆறு பூச்சுகளும் பெற்று, மாசி இறுதியில் மெருகேறி, பங்குனியில் சோதனைக்குச் சென்று, பதிவு புதுப்பிக்கப்பெற்று மீண்டது. அருகிற் சென்று உற்று நோக்குவார்க்கு இடக் கதவில் ஒரு வழிவு இன்றும் தெரியும். பத்தடி தள்ளி நிற்பார்க்கு ஒன்றுந் தெரியாது. மேஸ்திரியவர் வந்து, பேசாமல் பானெட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, “பரவாயில்லை” என்றார். எம் பட்டச் சான்றைப் பெற்ற நாளினும் அன்று மகிழ்ச்சி மிகுந்தது என்றால் அது மிகையன்று.

கற்றோர் கையழுக்காக வேலை செய்தல் இழிவென்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் உளது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நெல்லைச் சீமையின் நாசரேத்தூரில் கனம் மர்காஷிஸ் ஐயர் கைத்தொழிற் பாடசாலை நிறுவித் தச்சும் கொல்லும் கற்பித்தது அவ்வெண்ணத்தை அகற்றவேயன்றோ? அவ்வூர்ப் பெயருக்கு மூலமான ஆதி நாசரேத்திலும் ஒரு தச்சுப் பட்டறை இருந்ததென்பதை நாம் மறக்கலாகாது. கையால் ஒன்றைச் செய்து பார்த்தவனே அதைச் செய்வோனுக்கு உரிய கூலியின் நியாயத்தை அறிவான். பட்டறையார் கேட்ட தொகை அதிகமென்று முதலில் எண்ணிய யாம், ஆறு பூச்சும் மூன்று தேய்ப்பும் முடித்தபின், அது சிறிதும் அதிகமன்றென்று உணர்ந்தோம். ரோலர் எமக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவே தலையாயது.